மத்தியகால இஸ்லாமிய உலகில் மதமும் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வரலாற்றைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சுற்றிச்சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒரு பக்கம் "எல்லாத்தையும் கண்டுபிடிச்சது முஸ்லிம்கள்தான்" என்கிற பெருமை, இன்னொரு பக்கம் "கிரேக்கர்களைப் பார்த்து எழுதினாங்க, வேற என்ன" என்கிற அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர்கள் உட்கார்ந்து செய்த வேலை காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்த வேலைதான் முக்கியம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்.

மத்தியகால இஸ்லாமிய உலகம்னு சொல்றீங்களே, அது எந்தக் காலம், எந்த ஊரு?

தோராயமாக கி.பி. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை. மேற்கே இன்றைய ஸ்பெயினில் இருக்கும் கோர்டோபாவில் தொடங்கி, ஃபெஸ், கெய்ரோ, டமாஸ்கஸ், பாக்தாத் வழியாகக் கிழக்கே புகாரா, சமர்கந்து வரை போகிற நிலப்பரப்பு. இதை ஒரே சாம்ராஜ்யம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 750இல் உமையாக்களை வீழ்த்தி அப்பாஸியர்கள் ஆட்சிக்கு வந்தார்கள், 762இல் கலீபா அல்-மன்சூர் பாக்தாத் நகரத்தைக் கட்டத் தொடங்கினார். ஆனால் 10ஆம் நூற்றாண்டில் பார்த்தால் பாக்தாதில் ஒரு கலீபா, வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமியக் கலீபா, கோர்டோபாவில் உமையா வம்சத்துக் கலீபா என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

அரசுகள் பிரிந்ததால் படிப்பு குறையவில்லை. ஒவ்வொரு அரசவையும் நல்ல புலவரும் மருத்துவரும் வானியலாளரும் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று போட்டி போட்டது. ஒரு மன்னரோடு ஒத்துவராவிட்டால் அறிஞர் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். இப்னு சீனா (980-1037) வாழ்நாளில் பாதி அப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

இவங்க எல்லாரும் அரபிகள்தானே? முஸ்லிம்கள்தானே?

இல்லை. இப்னு சீனா புகாரா பக்கத்து ஊர்க்காரர், ஹதீஸ் (நபிகளின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள்) தொகுத்த இமாம் புகாரியும் அந்தப் பகுதிதான். அல்-பிரூனி ஆரல் கடலுக்குத் தெற்கே குவாரிஸத்தில் பிறந்தவர். கலீபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர்களாகப் பேர் பெற்ற பர்மகி குடும்பத்தின் முன்னோர், பல்கு நகரத்தின் நவ்பஹார் என்ற பௌத்த மடத்துக்குத் தலைவர்களாக இருந்தவர்கள். எல்லோரையும் சேர்த்துக் கட்டியது அரபி மொழி.

மதத்தை எடுத்துக்கொண்டால், பெரிய மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) நெஸ்டோரியக் கிறித்தவர். கணித மேதை தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்தில் கோள்களை வழிபட்ட சாபியர் சமூகத்தைச் சேர்ந்தவர். மைமோனிடஸ் யூதர், தத்துவத்தில் தன் பெரிய நூலை அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். 'இஸ்லாமிய உலகம்' என்று சொல்லும்போது இவர்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

திடீர்னு பாக்தாத்துல மட்டும் எப்படி இவ்வளவு படிப்பு வந்துச்சு?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதிலில் பாதி காகிதம். அதற்கு முன் எழுதத் தோல் அல்லது எகிப்தின் பாப்பிரஸ். தோல் விலை அதிகம், ஒரு பெரிய புத்தகத்துக்கு எத்தனையோ ஆடுகள் வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் பாக்தாத் வந்துவிட்டது. 751இல் தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதை எல்லா இடத்திலும் இருக்கும். அது மிகப் பின்னால் எழுதப்பட்ட கதை, மத்திய ஆசியாவில் காகிதம் அதற்கு முன்பே புழங்கியது. அரசு அலுவலகங்கள் காகிதத்தை விரும்பியதற்கு விலையைத் தாண்டி ஒரு காரணம் இருந்தது: தோலில் மையைச் சுரண்டி அழித்து வேறு எழுதலாம், காகிதத்தில் மை ஊறிவிடுவதால் திருத்தினால் தெரிந்துவிடும்.

காகிதம் வந்ததும் 'வர்ராக்' என்றொரு தொழிலே உருவானது. காகிதம் விற்பவர், பிரதி எடுப்பவர், புத்தகம் கட்டுபவர், விற்பவர் எல்லாம் ஒரே ஆள். பாக்தாதில் அப்படி நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்ததாக 9ஆம் நூற்றாண்டின் யாகூபி எழுதுகிறார். அந்தத் தொழிலில் இருந்த இப்னு அந்-நதீம் 987-988இல், அரபியில் தனக்குத் தெரிந்த எல்லா நூல்களுக்கும் ஒரு பட்டியல் எழுதினார். குர்ஆன் விரிவுரையும் அதில் உண்டு, ரசவாதமும் உண்டு, ராத்திரிக் கதைகளும் உண்டு. ஆயிரத்தொரு இரவுகளின் நமக்குக் கிடைத்த மிகப் பழைய துண்டும் காகிதம்தான். 879ஆம் ஆண்டில் ஒருவர் அந்த ஏட்டின் காலி இடத்தில் பத்திர வாசகங்களை எழுதிப் பழகியிருக்கிறார், ஏடு அதைவிடப் பழையது. கதைப் புத்தகம் கிழிந்து ரஃப் பேப்பராகப் போகிற அளவுக்கு அந்த ஊரில் காகிதம் புழங்கியிருக்கிறது!

கிரேக்கப் புத்தகத்தை அப்படியே அரபியில மாத்தினாங்க, அவ்வளவுதானே?

'அப்படியே மாற்றுவது' எவ்வளவு பெரிய வேலை என்று ஹுனைன் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தால் தெரியும். கிரேக்க மருத்துவர் கேலனின் 129 நூல்களை எடுத்துக்கொண்டு, எது யாரால், யாருக்காக மொழிபெயர்க்கப்பட்டது, தரம் எப்படி என்று ஒவ்வொன்றாக அதில் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு நூலை இருபது வயதில், பிழை மலிந்த ஒரே ஒரு பிரதியை வைத்துச் செய்தாராம். நாற்பது வயது வாக்கில் மாணவர் கேட்டபோது, அதற்குள் சேர்த்து வைத்திருந்த பல கிரேக்கப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சரியான ஒரு மூலத்தை முதலில் உருவாக்கி, அதைச் சிரியாக் மொழிபெயர்ப்போடு வைத்துப் பார்த்துத் திருத்தினார். எதை மொழிபெயர்த்தாலும் இதுதான் என் வழக்கம் என்கிறார். இன்னொரு கேலன் நூலுக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை போய்த் தேடி, கடைசியில் டமாஸ்கஸில் பாதி நூல்தான் கிடைத்தது. உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததைத் தெரிந்த நமக்கு இது புதிதாக இருக்காது.

அப்புறம், படித்ததோடு நிறுத்தவும் இல்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் சொன்னதை இப்னு அல்-ஹைதம் (11ஆம் நூற்றாண்டு, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர்) மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைகிறது என்பதைச் சோதனைகளோடும் வடிவியலோடும் நிறுவினார். மேல்நாட்டு ஒளியியல் பல நூற்றாண்டுகள் அவர் நூலை வைத்துத்தான் படித்தது.

பைத்துல் ஹிக்மாதான் உலகத்தின் முதல் பல்கலைக்கழகம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, உண்மையா?

பைத்துல் ஹிக்மா என்றால் 'ஞான இல்லம்', அப்பாஸியர் காலத்துப் பாக்தாதில் இருந்தது. அது பல்கலைக்கழகம் என்பதற்கு ஆதாரம் போதாது. பழைய நூல்களில் அதைப் பற்றிக் கிடைப்பது சில வரிகள் மட்டுமே, அந்த வரிகள் காட்டுவது ஓர் அரண்மனை நூலகத்தை. கணிதவியலாளர் அல்-குவாரிஸ்மி கலீபா மஃமூனின் (ஆட்சி 813-833) நூலகத்தோடு தொடர்புள்ளவர் என்று இப்னு அந்-நதீம் சொல்கிறார், அது சரி. ஆனால் வகுப்பறை, மாணவர், பட்டம் எதற்கும் குறிப்பு இல்லை. மேலே சொன்ன ஹுனைனின் கடிதம் அத்தனை நூல்களின் கதையையும் சொல்கிறது, பைத்துல் ஹிக்மா என்ற பெயரே அதில் வரவில்லை.

மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் கலீபா, அமைச்சர், மருத்துவர், செல்வந்தர் எனப் பல தரப்பினர். பனூ மூஸா என்ற மூன்று சகோதரர்கள், தாங்களே பெரிய கணிதவியலாளர்கள், மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாதம் ஏறத்தாழ 500 தீனார் செலவழித்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் நடந்தது என்பதைவிட, ஒரு நகரமே இருநூறு ஆண்டு காசு கொடுத்து நடத்தியது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பூஜ்ஜியம் நம்மளோடதா, அவங்களோடதா?

இந்தியாவிலிருந்து போனது, அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 770களில் சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஒரு தூதுக்குழுவோடு சமஸ்கிருத வானியல் நூல் ஒன்று அல்-மன்சூரின் அவைக்கு வந்து அரபியில் பெயர்க்கப்பட்டது. அல்-குவாரிஸ்மி 'இந்தியக் கணக்கு' பற்றித் தனி நூலே எழுதினார், ஐரோப்பா அந்த எண்களைக் கற்றது அதன் லத்தீன் வடிவத்திலிருந்து. மருத்துவத்தில் சுஸ்ருதரின் நூல் அரபிக்குப் போனது. பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக 'கலீலா வ திம்னா' ஆயின.

அல்-பிரூனி ஒருபடி மேலே போய் சமஸ்கிருதமே படித்தார், 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் இங்கே வந்தது கஜினி முகமதுவின் படையெடுப்புகள் நடந்த காலத்தில். அந்தப் படையெடுப்புகள் நாட்டின் வளத்தை அழித்தன, அதனால்தான் இந்துக்களுக்கு முஸ்லிம்கள்மேல் இவ்வளவு வெறுப்பு என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். முகமதுவின் மகன் ஆட்சிக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்க வேண்டும்.

மதத்துக்கும் கணக்குக்கும் என்னங்க சம்பந்தம்?

நிறைய. ஐந்து வேளைத் தொழுகை நேரம் சூரியனின் இருப்பைப் பொறுத்தது, தொழும்போது நோக்கும் திசையான கிப்லா மக்கா இருக்கும் இடத்தைப் பொறுத்தது, நோன்பு பிறையைப் பொறுத்தது. சமர்கந்தில் நின்றுகொண்டு மக்கா எந்தத் திசை என்று சரியாகச் சொல்ல கோள முக்கோணவியல் வேண்டும். பிற்காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிக்கவே 'முவக்கித்' என்று சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள்.

சொத்துப் பிரிப்பு இன்னும் நல்ல உதாரணம். ஒருவர் இறந்துபோகிறார், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். குர்ஆன் விதிப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை 24ஆகப் பிரித்தால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இது எளிது. இறந்தவர் வெளியாள் ஒருவருக்கு உயிலில் கொஞ்சம் எழுதிவைத்து, மகன் அவருக்குக் கடன்பட்டும் இருந்தால்? அங்கேதான் சமன்பாடு தேவைப்படுகிறது. அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரி வாரிசுக் கணக்குகள்தான்.

மதரஸாவுல என்ன படிச்சாங்க? பட்டம் கொடுத்தாங்களா?

முதலில் மதரஸாவே கிடையாது. பள்ளிவாசல் தூணுக்குப் பக்கத்தில் ஆசிரியர் உட்காருவார், மாணவர்கள் வட்டமாகச் சுற்றி உட்காருவார்கள். 11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க் பல ஊர்களில் மதரஸாக்கள் கட்டினார், பாக்தாதின் நிஜாமிய்யா 1067இல் திறந்தது. மையப் பாடம் ஃபிக்ஹு எனும் சட்டம், கூடவே ஹதீஸ், இலக்கணம், தர்க்கம். மருத்துவத்தையும் வானியலையும் பெரும்பாலும் வீட்டிலோ, மருத்துவமனையிலோ, தனி ஆசிரியரிடமோதான் படித்தார்கள்.

பட்டத்துக்குப் பதில் 'இஜாஸா'. இந்த நூலை என்னிடம் முழுதாகப் படித்தார், இனி பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் அனுமதி. நிறுவனத்தின் பெயருக்கு மதிப்பில்லை, ஆசிரியர் பெயருக்குத்தான். செலவுக்கு வக்ஃபு: ஒருவர் தன் கடைகளையோ குளியல் மண்டபத்தையோ எழுதிவைப்பார், அந்த வாடகையில் ஆசிரியர் சம்பளம், மாணவர் சாப்பாடு, விளக்கு எண்ணெய் எல்லாம். பத்திரத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறதோ அதை யாராலும் மாற்ற முடியாது. இந்த விஷயத்தை ஞாபகம் வையுங்கள், கடைசிக் கேள்விக்கு வேண்டும்.

பொண்ணுங்க படிச்சாங்களா?

ஹதீஸ் துறையில் படித்தார்கள், அதைவிட முக்கியமாக ஆண்களுக்கும் கற்பித்தார்கள். மர்வு பகுதியைச் சேர்ந்த கரீமா (இறப்பு 1070 வாக்கில்) மக்காவில் புகாரி தொகுப்பைக் கற்பித்தார். பாக்தாதின் வரலாற்றை எழுதிய கத்தீப் அல்-பக்தாதியே அவரிடம் உட்கார்ந்து ஐந்து நாளில் அதைப் படித்து முடித்தார். டமாஸ்கஸ் வரலாற்றாசிரியர் இப்னு அசாகிருக்கு (இறப்பு 1176) எண்பதுக்கு மேற்பட்ட பெண் ஆசிரியர்கள்.

மேலே சொன்ன இஜாஸா முறைதான் இதைச் சாத்தியமாக்கியது, ஆள் முக்கியம், பதவி முக்கியம் இல்லை. அதே காரணத்தால் எல்லையும் இருந்தது: மதரஸாவின் சம்பளப் பதவிகளும் காஜி எனும் நீதிபதி பதவியும் ஆண்களிடமே இருந்தன. பெயர் தெரிந்த பெண்களில் பெரும்பாலோர் உலமா (மார்க்க அறிஞர்கள்) குடும்பத்துப் பெண்கள், அப்பாவோ தாத்தாவோ சிறுவயதிலேயே பாடத்துக்குக் கூட்டிப்போனவர்கள்.

ஹதீஸை 200 வருஷம் கழிச்சுத்தானே எழுதினாங்க, எப்படி நம்புறது?

இமாம் புகாரி (810-870) காலத்தை வைத்து இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் அவருக்கு முன்பே எழுத்து இருந்தது. இமாம் மாலிக் 795இல் இறந்தார், அவருடைய முவத்தா என்ற தொகுப்பு அதற்கு முன்பே மதீனாவில் பாடமாக இருந்தது. புகாரி செய்தது சலித்தெடுத்தது. யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியில் ஒவ்வொருவரும் நம்பத்தக்கவரா, அடுத்தவரை உண்மையிலேயே சந்தித்திருக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் பிறப்பு, இறப்பு, ஊர், ஞாபகசக்தி, நாணயம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள்.

இட்டுக்கட்டிய ஹதீஸ்கள் புழங்கின என்பதை முதலில் சொன்னவர்களே ஹதீஸ் அறிஞர்கள்தான், இந்தத் துறை பிறந்ததே அதனால். அந்தச் சல்லடை எவ்வளவு துல்லியம் என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நம்பிக்கையாளர் ஏற்பதற்கும் வரலாற்று ஆய்வாளர் கேட்கும் சான்றுக்கும் அளவுகோல் வேறு, அந்த வேறுபாட்டை மறைக்காமல் பேசுவதே மரியாதை.

ஒரே குர்ஆன்தானே, அப்புறம் ஏன் நாலு மத்ஹபு?

மத்ஹபு என்றால் சட்ட மரபு. சட்டத்தை அரசன் எழுதவில்லை, அறிஞர்கள் வாதிட்டு உருவாக்கினார்கள். அபூ ஹனீஃபா (இறப்பு 767) கூஃபாவில், மாலிக் மதீனாவில். ஷாஃபி (இறப்பு 820) மாலிக்கிடம் படித்தவர், அஹ்மத் இப்னு ஹன்பல் (இறப்பு 855) ஷாஃபியிடம் படித்தவர். இவை தவிரவும் பல இருந்து வழக்கொழிந்தன, ஷியாக்களுக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபியும் அதிகம் இருப்பது இந்த வரலாற்றின் நீட்சிதான். கடல் வழியாக வந்த அரபு வணிகர்கள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், வடக்கிலிருந்து நிலவழியாக மற்றது வந்தது.

கலீபா தலையிட முயன்றதும் உண்டு. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 833இல் மஃமூன் விசாரணை தொடங்கினார். மொழிபெயர்ப்புக்கு அள்ளிக் கொடுத்த அதே மஃமூன். இப்னு ஹன்பல் மறுத்தார், அடுத்த கலீபாவின் காலத்தில் கசையடி பட்டார், கொள்கையை விடவில்லை. கடைசியில் பின்வாங்கியது அரசுதான்.

முஸ்லிம் அல்லாதவங்களை நல்லா நடத்தினாங்களா, கொடுமைப்படுத்தினாங்களா?

இடத்தையும் ஆளையும் பொறுத்தது. சட்டப்படி அவர்கள் ஜிஸ்யா வரி கட்டி, தங்கள் வழிபாட்டையும் தனிச்சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம். சமமான குடிமக்கள் இல்லை. ஹுனைனுக்குக் கலீபாவின் தலைமை மருத்துவர் பதவி கிடைத்தது. கிறித்தவர்களும் யூதர்களும் தனி அடையாள உடை அணிய வேண்டும் என்று ஆணையிட்ட முத்தவக்கிலும் அவர் பணியாற்றிய கலீபாதான். மைமோனிடஸின் குடும்பம் முவஹ்ஹிதுகள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களின் நெருக்கடியால் கோர்டோபாவை விட்டு ஓடியது, அவரே கெய்ரோவில் சலாஹுத்தீன் அரசவையின் மருத்துவரானார். துரத்தியதும் முஸ்லிம் அரசு, ஏற்றதும் முஸ்லிம் அரசு. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டினால் அது அரைக்கதை.

இமாம் கஸ்ஸாலிதானே அறிவியலைக் கொன்னவரு?

இது பிடிவாதமாக நிற்கிற ஒரு கட்டுக்கதை. 1091 முதல் 1095 வரை நிஜாமிய்யாவில் கற்பித்த கஸ்ஸாலி (இறப்பு 1111) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலில் தாக்கியது தத்துவவாதிகளின் இறையியலை. அவர் மதவிரோதம் என்று சொன்னது மூன்று கருத்துகளை: உலகம் என்றைக்கும் இருந்தது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளை அறியமாட்டான், மறுமையில் உடல் எழாது. அதே நூலின் முன்னுரையில், கிரகணத்துக்கு வானியல் தரும் விளக்கத்தை மதத்தின் பெயரால் மறுப்பவர் மதத்துக்கே கேடு செய்கிறார் என்கிறார். தர்க்கத்தை மதக் கல்விக்குள் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. கணிதத்தின் தெளிவில் மயங்கி, தத்துவவாதிகள் சொல்வதையெல்லாம் மாணவர் நம்பிவிடுவாரோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

அவருக்குப் பின் கோர்டோபாவின் காஜி இப்னு ருஷ்து (1126-1198) அவருக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். நுரையீரல் வழியாக ரத்தம் போவதை விளக்கிய இப்னு அந்-நஃபீஸ் (இறப்பு 1288) ஒரு ஷாஃபி சட்ட அறிஞர். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு அஷ்-ஷாதிர் (இறப்பு 1375) வரைந்த சந்திரனின் பாதை மாதிரிதான் பின்னர் கோப்பர்னிகஸிடமும் இருக்கிறது. கொல்லப்பட்ட அறிவியலில் இதெல்லாம் எப்படி நடந்திருக்கும்?

1258ல மங்கோலியர் பாக்தாத்தை அழிச்சதோட எல்லாம் முடிஞ்சுதா?

பாக்தாதுக்குப் பேரழிவுதான், மங்கோலியத் தலைவர் ஹுலாகு கலீபாவைக் கொன்றார், மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். டைகிரிஸ் நதி மையால் கறுத்தது என்பது பிற்கால வர்ணனை. ஆனால் அதே ஹுலாகு அடுத்த ஆண்டே, 1259இல், வானியலாளர் நசீருத்தீன் தூசி சொன்னதைக் கேட்டு, இன்றைய ஈரானில் இருக்கும் மராகாவில் வானாய்வுக்கூடம் கட்டப் பணம் கொடுத்தார், தப்பிய நூல்களில் ஒரு பகுதி அங்கே போனது. படிப்பின் மையம் கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் நகர்ந்தது. கெய்ரோவில் 1284இல் கலாவூன் கட்டிய மருத்துவமனை பல நூற்றாண்டுகள் இயங்கியது, இப்னு அந்-நஃபீஸ் தன் வீட்டையும் நூலகத்தையும் அதற்குத்தான் எழுதிவைத்தார்.

அப்போ ஏன்தான் பின்தங்கிப் போனாங்க?

ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். வணிகப் பாதைகள் மாறியது, 14ஆம் நூற்றாண்டின் பிளேக், அச்சை மிகத் தாமதமாக ஏற்றது, ஐரோப்பா வேகமாக வளர்ந்தது எல்லாம் கணக்கில் வரும். எனக்கு முக்கியமாகத் தெரிவது காசு வந்த வழி. மதரஸா பற்றிய பதிலில் சொன்ன வக்ஃபு சட்டக் கல்வியை அரசு மாறினாலும் காப்பாற்றியது. வானியலுக்கு அந்தக் காப்பு அரிது. சமர்கந்தில் 1420களில் அதன் ஆட்சியாளர் உலூக் பேக் பிரம்மாண்டமான வானாய்வுக்கூடம் கட்டினார், அங்கே வேலை செய்த அல்-காஷி 1424இல் பை மதிப்பை 16 தசம இடங்களுக்குக் கணக்கிட்டார். 1449இல் உலூக் பேக்கை அவருடைய மகனே கொல்லவைத்தார், கூடமும் கைவிடப்பட்டது. இஸ்தான்புல்லில் தகியுத்தீனின் வானாய்வுக்கூடம் 1577இல் வேலை தொடங்கியது, 1580இல் சுல்தானின் உத்தரவிலேயே இடிக்கப்பட்டது. மராகாவுக்கு மட்டும் வக்ஃபு வருமானம் கிடைத்தது. ஹுலாகு இறந்தும், தூசி இறந்தும், அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது.